கோபான் ருயினாஸ் மோட்டோடாக்சிக்கார அண்ணனுக்கு

மத்திய அமெரிக்க நாடான ஹோண்டுராஸில் பழைய மாயா நாகரிகத்தின் இடிபாடுகளை ஒட்டிய சிற்றூர் கோபான் ருயினாஸ். குவாதமாலா எல்லை தாண்டி வந்திறங்கிய இரவில் சின்னவளுக்கு ஓயாத வாந்தி, பெரியவன் அழுகை, மழை வேறு. கல் பாவிய ஏற்றத்தில் பெட்டி இழுத்தவர்களுக்குத்தான் அந்த வேதனை தெரியும்.

அண்ணா, நாங்கள் கைகாட்டவே இல்லை. நீங்களாகவே உங்கள் மோட்டோடாக்சியை, நம்மூர் ஆட்டோ போன்ற அந்த மூன்று சக்கர வண்டியை, நிறுத்தினீர்கள். நேரே மருந்துக்கடைக்கு விட்டு, மூடியிருந்த ஷட்டரைத் தட்டித் திறக்கவைத்து, உப்புச்சர்க்கரைக் கரைசலை வாங்கிவந்து, மூடியில் ஊற்றிக் கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டினீர்கள். மடமடவென்று கொடுத்தால் மறுபடி வாந்திதான் என்று சைகையில் எனக்குப் பாடம் வேறு! நீட்டிய அந்நாட்டு லெம்பிரா நோட்டுகளில் வண்டிக் கூலியை மட்டும் எடுத்துக்கொண்டீர்கள்.

மறுநாள் அவள் இடிபாட்டு வாசலில் பஞ்சவர்ணக் கிளிகளின் பின்னால் ஓடினாள். அவ்வழி போகும் தமிழர் யாராவது ஸ்பானிய மொழியில் இதை அவரிடம் சொல்லிவிடுங்கள்.