கொள்முதல் பிரிவுக்கு: அந்த 27 இழைகளை வாங்க விடுங்கள்

எங்கள் ஆய்வு நிறுவனத்தின் கொள்முதல் பிரிவு அதிகாரிகளுக்கு,

வணக்கம். செயற்கை டிஎன்ஏ இழைகளுக்காக நாங்கள் அனுப்பிய இன்டென்ட் மறுபடியும் திரும்பி வந்துவிட்டது. ஓரத்தில் பச்சை மையில் ஒரு கேள்வி: "இதே பொருள் ஏற்கெனவே வாங்கப்பட்டுள்ளது. மீண்டும் தேவைப்படுவது ஏன்?"

ஐயா, வாங்கியது வலம்புரிச் சுருளுக்கு. இப்போது கேட்பது இடம்புரிச் சுருளுக்கு.

கோப்பில் விளக்கமாகவே எழுதியிருந்தோம். எம்13 என்ற வைரஸின் ஏழாயிரத்துச் சொச்சம் எழுத்து நீளமுள்ள ஒற்றை டிஎன்ஏ இழையை, இருநூறுக்கும் மேற்பட்ட சிறு இழைகள் ஆங்காங்கே பிடித்து மடிக்கின்றன. 2006-ல் அமெரிக்காவின் கால்டெக் ஆய்வு நிறுவனத்தில் பால் ரோத்மண்ட் காட்டிய வழி இது. மெக்னீசியம் உப்புக் கரைசலில் சூடாக்கி மெல்ல ஆறவிட்டால் போதும், டிஎன்ஏ உருளை தானாகவே கூடி நிற்கும். அந்த உருளையைச் சுற்றி 10 நானோமீட்டர் (ஒரு நானோமீட்டர் என்பது மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு) தங்கத் துகள்கள் ஒன்பது சுருளாக ஏற வேண்டும். ஒரு துகளைப் பிடிக்க மூன்று இழை, ஆக 27. எந்தப் பக்கம் சுருள வேண்டும் என்பதைத் தீர்மானிப்பவை இந்த 27 மட்டுமே. மற்றதெல்லாம் எங்களிடம் இருக்கிறது.

வட்ட முனைவாக்கம் கொண்ட ஒளி, அதாவது திருகுபோலச் சுழன்று செல்லும் ஒளி, வலச்சுழற்சி, இடச்சுழற்சி என இரு வகை. வலம்புரிச் சுருள் அதில் ஒரு வகையைக் கூடுதலாக உறிஞ்சும், இடம்புரி மற்றதை. 2012-ல் மியூனிக்கில் டிம் லீட்ல் குழுவினர் இரண்டையும் கட்டி, ஒன்றின் நிறமாலை மற்றதற்குத் தலைகீழாக வருவதைக் காட்டினார்கள். அந்தத் தலைகீழ்தான் சாட்சி. அது இல்லாமல் வலம்புரியை மட்டும் அளந்து கொண்டுபோனால், "கருவியின் கோளாறாக இருக்கலாமே" என்று யாரும் கேட்பார்கள். கேட்கவும் வேண்டும்.

இந்த இழைகளுக்காகக் காத்திருந்ததில் என்ன ஆனது என்பதையும் சொல்லிவிடுகிறேன். டிஎன்ஏ பூசித் தயாராக வைத்திருந்த தங்கக் கரைசல் பீட்ரூட் சாறாகச் சிவந்திருந்தது. நாள்பட நாள்பட அது மங்கி ஊதாவாகி, அடியில் படிந்துவிட்டது. துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிவிட்டன என்று அர்த்தம், இனி அதைக் கொட்டத்தான் வேண்டும். வேறொரு நிறுவனத்தின் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் கெஞ்சி வாங்கிய நேரமும் போயிற்று. அதை வாங்கித் தந்த தோழியின் உதவித்தொகைக் காலம் முடிந்து, ஆய்வேட்டில் அந்த அத்தியாயம் இல்லாமலேயே எழுதிக்கொண்டிருக்கிறாள். இது உங்கள் பதிவேட்டில் எந்தப் பத்தியிலும் வராது.

உங்கள் பிரிவில் ஒருவர் நல்லெண்ணத்தோடுதான் கேட்டார்: "ஏ, டி, ஜி, சி என்று நாலே எழுத்துதானே, முன்பு வாங்கியதிலிருந்தே எடுத்துக்கொள்ளக் கூடாதா?" அந்தக் கணக்கில், இந்த அலுவலகத்தில் தமிழுக்கு 247 எழுத்தும் இருக்கிறது, புதிய சுற்றறிக்கை எதற்கு? அதேபோல, கடைசியாக வந்த தங்கக் கரைசலை விலையுயர்ந்த உலோகப் பதிவேட்டில் ஏற்றி, பாதுகாப்பு அறையில் பூட்டிவிட்டுத்தான் எங்களுக்குச் சொன்னீர்கள். 100 மில்லி குப்பியில் இருக்கும் தங்கம் சுமார் 5 மில்லிகிராம். திருடன் வந்தாலும் அவனுக்கு ஆட்டோ செலவுக்குக் காணாது.

கோபத்தில் எழுதுவதாக நினைக்க வேண்டாம். கொஞ்சம் கோபமும்தான்.

மூன்று கொட்டேஷன், குறைந்த விலைக்காரருக்கே ஆர்டர் என்ற விதி நாற்காலி வாங்கச் சரி. எங்கள் கணினியில் பிறந்த ஒரு டிஎன்ஏ எழுத்து வரிசைக்குச் சந்தையில் "இணையான பொருள்" கிடையாது. வடிவத்தில் சிறு மாற்றம் செய்தாலும் சில இழைகள் மாறும். மாறும்போதெல்லாம் கோப்பு முதலிலிருந்து தொடங்குகிறது. 2024-ல் மியூனிக்கில் இதே டிஎன்ஏ மடிப்பால் வைரத்தில் அணுக்கள் அடுக்கியிருப்பதைப் போன்ற படிக அமைப்பை 170 நானோமீட்டர் இடைவெளியில் கட்டி, புறஊதாவை ஒட்டிய ஒளியை உள்ளே விடாமல் தடுத்துக் காட்டிவிட்டார்கள். நாங்கள் 2012-ஐத் திரும்பச் செய்யவே அனுமதி கேட்டு நிற்கிறோம்.

2025 ஜூனில் மத்திய அரசு, அறிவியல் நிறுவனங்கள் கொட்டேஷன் இல்லாமல் நேரடியாக வாங்கும் வரம்பை 1 லட்சம் ரூபாயிலிருந்து 2 லட்சமாக உயர்த்தியது. எங்கள் 27 இழைகளின் விலை அதில் கால்வாசிக்குக்கூட வராது. அந்த ஆணை உங்களுக்கு இன்னும் "முறைப்படி வந்து சேரவில்லை" என்கிறீர்கள். வேண்டுமானால் நகலெடுத்து நாங்களே கொண்டுவந்து தருகிறோம்.

நாங்கள் கேட்பது ஒன்றுதான். செயற்கை டிஎன்ஏ இழைகளுக்கு ஆண்டு விலை ஒப்பந்தம் ஒன்று போடுங்கள். எழுத்துக்கு இன்ன விலை என்று ஒருமுறை முடிவு செய்துவிட்டு, வரிசைகளை ஆய்வகமே நேரடியாக ஆர்டர் செய்ய விடுங்கள். தணிக்கைக்கு வேண்டிய கணக்கை மாதாமாதம் நாங்களே எழுதித் தருகிறோம். உங்கள் வேலையும் குறையும்.

ஒப்பந்தம் போட நாளாகும் என்றால், அதுவரை இந்த 27-க்கு மட்டுமாவது கையெழுத்திட்டு அனுப்புமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
நானோ ஒளியியல் ஆய்வக மாணவர்கள் சார்பில் ஒருத்தி