கசானுக்குப் பிள்ளையை அனுப்ப நினைக்கும் பெற்றோர்களுக்கு

பெறுநர்: பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்களின் பெற்றோர்கள்
பொருள்: ரஷ்யாவில் மருத்துவப் படிப்பும் கசான் நகர வாழ்க்கையும்

அன்புள்ள பெற்றோர்களுக்கு வணக்கம்.

நீட் தேர்வுக்கு இன்னும் சில மாதங்கள் இருக்கின்றன. அதற்குள்ளேயே பலர் வந்து "ரஷ்யாவுக்கு அனுப்பலாமா சார்?" என்று கேட்டுவிட்டீர்கள். கட்டணம் எவ்வளவு, கல்லூரிக்கு அங்கீகாரம் உண்டா, விடுதியில் நம் சாப்பாடு கிடைக்குமா என்று விசாரிக்கிறீர்கள். விசாரிக்க வேண்டியதுதான். ஆனால் பிள்ளை ஆறு வருடம் குடியிருக்கப்போகிற ஊரைப் பற்றி யாரும் கேட்பதில்லை. நம் பள்ளியில் படித்து இப்போது கசானில் மருத்துவம் படிப்பவர்கள் விடுமுறைக்கு வரும்போதெல்லாம் என்னைப் பார்த்துவிட்டுப் போவார்கள். மகளைப் பார்க்கப் போய்வந்த ஒரு அப்பாவும் அம்மாவும் ஒரு மாலை முழுக்க என் அறையில் உட்கார்ந்து பேசினார்கள். அவர்கள் சொன்னதையும் நான் படித்துத் தெரிந்துகொண்டதையும் சேர்த்து இதை எழுதுகிறேன்.

மாஸ்கோவுக்குக் கிழக்கே சுமார் 800 கிலோமீட்டர் தள்ளி, வோல்கா நதிக்கரையில் இருக்கிறது கசான். ரஷ்யாவுக்குள்ளேயே இருக்கும் தாத்தார்ஸ்தான் குடியரசின் தலைநகரம். தாத்தார் இன மக்களும் ரஷ்யர்களும் கிட்டத்தட்ட சரிபாதியாக வாழ்கிறார்கள். தெருப் பலகைகளில் தாத்தார், ரஷ்ய மொழி இரண்டும் இருக்கும், மெட்ரோ ரயிலில் ஆங்கிலத்தையும் சேர்த்து மூன்று மொழியில் அறிவிப்பார்கள். அந்த அம்மாவை அதிகம் அசத்தியது கிரெம்ளின் என்ற பழைய கோட்டைதான். வெள்ளை மதிலுக்குள்ளே நீலக் குவிமாடங்களோடு குல் ஷரீஃப் மசூதி, சற்றுத் தள்ளி பதினாறாம் நூற்றாண்டுத் தேவாலயம். 1552இல் ரஷ்ய மன்னர் இவான் நகரைப் பிடித்தபோது அழிந்துபோன மசூதியின் நினைவாக 2005இல் இந்த மசூதியைக் கட்டி முடித்தார்கள். வெள்ளிக்கிழமை தொழுகைக்கு வருகிறவர்களும் மெழுகுவர்த்தி ஏற்ற வருகிறவர்களும் ஒரே வாசல் வழியாகப் போவதைப் பார்த்துக்கொண்டே நின்றுவிட்டாராம்.

நான் வேதியியல் ஆசிரியராக இருந்தவன் என்பதால் இதைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. தனிம அட்டவணையில் 44ஆம் எண்ணில் இருக்கும் ருத்தேனியத்தை 1844இல் கார்ல் கிளவுஸ் கண்டுபிடித்தது கசான் பல்கலைக்கழகத்தில்தான். 1804இல் தொடங்கிய அந்தப் பல்கலைக்கழகத்தில் டால்ஸ்டாயும் லெனினும் மாணவர்களாக இருந்தார்கள். யூக்ளிட் வழியிலிருந்து விலகி ஒரு புது வடிவியலையே உருவாக்கிய லோபாசெவ்ஸ்கி அங்கே 19 ஆண்டுகள் ரெக்டராக, அதாவது பல்கலைக்கழகத் தலைவராக இருந்தார். போகிற பிள்ளைக்கு இது தெரிந்திருக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

சரி, அன்றாட வாழ்க்கைக்கு வருகிறேன். பிள்ளைகளைப் படுத்துவது குளிரைவிட இருட்டுதான் என்று எல்லோரும் ஒரே மாதிரி சொல்கிறார்கள். டிசம்பரில் காலை எட்டு மணிக்குப் பிறகுதான் விடியும், பிற்பகல் மூன்று மணிக்கெல்லாம் பொழுது சாயத் தொடங்கிவிடும். வகுப்புக்குப் போகும்போதும் இருட்டு, திரும்பும்போதும் இருட்டு. ஜூனில் நேர்மாறாக அதிகாலை மூன்று மணிக்கே ஜன்னலில் வெளிச்சம் அடிக்கும். முதல் குளிர்காலத்தில் மனம் சோர்ந்து அறையைவிட்டு வெளியே வராமல் கிடந்த பிள்ளைகள் உண்டு. அந்த மாதங்களில் தினமும் பேசுங்கள். நம் நேரத்துக்கு அவர்கள் இரண்டரை மணி நேரம் பின்னால். இங்கே இரவு ஒன்பது என்றால் அங்கே மாலை ஆறரை.

வெளியே மைனஸ் இருபது என்றாலும் கட்டடத்துக்குள் வெந்நீர்க் குழாய்ச் சூட்டில் வியர்க்கும். அதனால் ஒரே ஒரு தடித்த ஸ்வெட்டர் வாங்கி அனுப்பாதீர்கள். உள்ளே சாதாரணப் பருத்திச் சட்டை, மேலே கழற்றி மாட்டக்கூடிய நல்ல கோட்டு. அந்தக் கோட்டை அங்கேயே வாங்குவது மேல். கல்லூரி, நூலகம், தியேட்டர் எங்கே போனாலும் வாசலிலேயே கோட்டைக் கொடுத்து டோக்கன் வாங்க வேண்டும். கோட்டோடு வகுப்புக்குள் நுழைந்தால் ஆசிரியர் திருப்பி அனுப்பிவிடுவார்.

"யாரும் சிரிக்கவே மாட்டேங்கிறாங்க சார்" என்பது புதிதாகப் போகிறவர்களின் முதல் புகார். முன்பின் தெரியாதவரைப் பார்த்துச் சிரிப்பது அங்கே வழக்கமில்லை. அது கோபமில்லை. நம் மாணவன் ஒருவன் தொப்பி போடாமல் விடுதியை விட்டுக் கிளம்பியிருக்கிறான். வாசலில் உட்கார்ந்திருந்த வயதான அம்மாள் எழுந்து கதவை மறித்துக்கொண்டு நின்றார். அவர் திட்டியதில் ஒரு சொல்கூட இவனுக்குப் புரியவில்லை. தன் தலையைத் தட்டிக் காட்டி, இவனை மாடிக்குத் துரத்தி, தொப்பியோடு வந்த பிறகுதான் வழிவிட்டார். அதன் பிறகு தினமும் அவருக்கு வணக்கம் சொல்லத் தொடங்கினான். இப்போது அவன் பேசும் ரஷ்ய மொழியில் பாதி அவரிடம் கற்றது.

மொழியைப் பற்றித்தான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். பாடம் ஆங்கிலத்தில் நடந்தாலும் வார்டில் படுத்திருக்கும் நோயாளி ஆங்கிலம் பேசமாட்டார். வலி எங்கே, எப்போது தொடங்கியது என்று அவரிடம் கேட்கத் தெரியாத மாணவர் பின்னால் நின்று வேடிக்கை பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவார். ஏஜெண்டுகள் இதைச் சொல்வதே இல்லை. ரஷ்ய எழுத்துகள் 33தான். போகலாம் என்று முடிவானால் தேர்வு முடிந்த கையோடு பிள்ளை எழுத்துகளைக் கற்றுக்கொள்ளட்டும்.

சாப்பாட்டைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். அரிசி, உருளைக்கிழங்கு, முட்டைகோஸ் கிடைக்கும். கத்திக் என்ற தாத்தார் தயிர் நம் பிள்ளைகளுக்குப் பிடித்துப்போகிறது. சைவம் சாப்பிடுகிறவர்கள் மட்டும் தாங்களே சமைக்கக் கற்றுக்கொண்டு போக வேண்டும். ஜூனில் வரும் சபந்துய் திருவிழாவைப் பற்றிப் பேசினால் எல்லோர் முகமும் மலர்கிறது. வசந்த விதைப்பு முடிந்து கொண்டாடும் விழா. மல்யுத்தம் உண்டு, உயரமான கம்பத்தில் ஏறும் போட்டியும் உண்டு. நம் ஊர் வழுக்குமரம் மாதிரியே இருந்தது என்று சொல்லிச் சிரித்தான் ஒருவன்.

பயப்பட வேண்டியதையும் மறைக்கப்போவதில்லை. போர் நடக்கிறது. 2024 டிசம்பரில் கசானிலேயே அடுக்குமாடிக் கட்டடங்களை ட்ரோன்கள் தாக்கின. வேலை என்று ஆசைகாட்டி இந்திய இளைஞர்களை ரஷ்ய ராணுவத்தில் சேர்த்த சம்பவங்கள் நடந்து, நம் வெளியுறவு அமைச்சகம் எச்சரித்திருக்கிறது. புரியாத மொழியில் உள்ள எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடக் கூடாது என்று பிள்ளையிடம் கண்டிப்பாகச் சொல்லுங்கள். இன்னொன்று, இங்கே வங்கியில் வாங்கிய விசா, மாஸ்டர்கார்டு பண அட்டைகள் 2022 மார்ச்சுக்குப் பிறகு அங்கே செல்லாது. பணம் அனுப்ப என்ன வழி என்பதைக் கிளம்பும் முன்பே உறுதி செய்துகொள்ளுங்கள்.

குளிர்கால விடுமுறைக்கு வந்திருக்கும் நம் பழைய மாணவர்கள் வரும் சனிக்கிழமை காலை 10 மணிக்குப் பள்ளிக் கூட்ட அரங்கில் உங்களோடு பேச ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். எந்த ஏஜெண்டுக்கும் அழைப்பில்லை. பிள்ளையையும் கட்டாயம் கூட்டி வாருங்கள், போகப்போவது அவர்கள்தான். வர முடியாதவர்கள் கேள்விகளை எழுதி வியாழக்கிழமைக்குள் வகுப்பாசிரியரிடம் கொடுத்துவிட்டால், பதில்களை எழுதி வாங்கி அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்