அரை மணி நேர வேலையாம்!

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிற்றுக்கிழமை இணைப்பிதழில் வந்த வண்டிப் பராமரிப்புக் கட்டுரையில், பின்பக்க ஷாக் அப்சார்பர் (வண்டியின் குதிப்பை அடக்குகிற எண்ணெய்க் குழாய்) மாற்றுவது அரை மணி நேர வேலை, மேலே ஒரு நட்டு, கீழே ஒரு நட்டு, கழற்றி மாட்டினால் முடிந்தது என்று போட்டிருந்தீர்கள். படித்ததும் சிரிப்பு வந்தது, அப்புறம் கொஞ்சம் கோபமும் வந்தது. புது வண்டியில் அது சரிதான். ஆனால் புது வண்டிக்கு யார் ஷாக் மாற்றுகிறார்கள்? ஷாக் தேய்ந்து எண்ணெய் கசிகிற வயதுக்கு வண்டி வரும்போது அதைப் பிடித்துக்கொண்டிருக்கிற போல்ட்டுக்கும் அதே வயதுதானே.

நான் புதுவயலில் வாடகைக்கு வண்டி ஓட்டுகிறவன். இப்போது இருப்பது பின்னால் பட்டை ஸ்பிரிங் வைத்த பழைய வண்டி, இரண்டாம் கையாக வாங்கியது. முந்தைய ஓனர் பின் சீட்டைக் கழற்றிவிட்டுத் தொண்டியிலிருந்து மீன் பெட்டி ஏற்றியவர் என்பது பணம் கொடுத்த பிறகுதான் தெரிந்தது. ஐஸ் உருகி உப்புத் தண்ணீர் அடியில் சொட்டிக்கொண்டே ஓடிய வண்டி. மேலே பெயின்ட் பளபளவென்று இருக்கும், குனிந்து அடியில் பார்த்தால் அச்சு, கிளாம்பு, போல்ட் எல்லாம் ஒரே செங்காவி நிறம்.

தை மாதம் ஒரு கல்யாணக் கூட்டத்தைப் பிள்ளையார்பட்டிக்கு ஏற்றிப் போக வேண்டியிருந்தது. வேகத்தடை ஏறினால் பின்பக்கம் மூன்று தரம் குதிக்கிறதே என்று முதல் நாள் காலை பத்து மணிக்கு ஒரு பட்டறையில் விட்டேன். "ஒரு மணி நேரம்ணே, டீ குடிச்சுட்டு வாங்க" என்றார்கள். வலது பக்கக் கீழ் நட்டு கழன்றுவிட்டது. போல்ட் வரவில்லை. இதுதான் விஷயமே. ஷாக்கின் அடியில் ஒரு வளையம், அதற்குள் ரப்பர் புஷ், ரப்பருக்குள் ஒரு இரும்புக் குழல், அந்தக் குழலுக்குள்தான் போல்ட் போகிறது. குழலும் போல்ட்டும் துருப்பிடித்து ஒரே இரும்பாகிவிடும். ஸ்பேனர் போட்டுத் திருகினால் ரப்பர் முறுக்கிக்கொண்டு திரும்பப் பழைய இடத்துக்கே வரும். சுத்தியலால் அடித்தால் அடியை ரப்பரே வாங்கிக்கொள்ளும். துரு என்பது வெறும் தூசி இல்லை. இரும்பு துருவாக மாறும்போது முன்பு இருந்ததைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல் இடம் கேட்கும், இடம் இல்லாத சந்தில் அது ஆப்பு அடித்ததுபோல் இறுகும்.

அந்தப் பையன் ஸ்பேனரில் நாலடிப் பைப்பைச் சொருகித் தொங்கினான். வண்டி வெறும் ஜாக்கியில் நிற்கிறது, முட்டுக் கட்டைகூட இல்லை. எனக்கு வயிறு கலங்கியது. டக் என்று ஒரு சத்தம், போல்ட் தலை தனியாக வந்து தரையில் உருண்டது. உடனே இரும்பை நெருப்பால் அறுக்கும் கேஸ் கட்டிங் டார்ச்சை எடுத்து ஷாக்கின் ஓரமாகவே நெருப்புக் காட்டப் போனான். நான் கத்திக் கையைப் பிடித்துவிட்டேன். உள்ளே எண்ணெய் இருக்கிறது, கேஸ் ஷாக்காக இருந்தால் நைட்ரஜன் வேறு அழுத்தத்தில் அடைபட்டிருக்கிறது, சூடேறினால் வெடிக்கும். ஒரு சாண் தள்ளிப் பிரேக் ஹோஸ், அந்தப் பக்கம் டீசல் டேங்க். கடைசியில் கிரைண்டரால் அறுத்து எடுக்கச் சாயங்காலம் ஆகிவிட்டது. கூலி இரண்டு மடங்கு கேட்டார்கள், நானும் சண்டை போட்டேன். கூலிச் சண்டையில் ஒன்றைக் கவனிக்கத் தவறினேன்: அறுத்த போல்ட்டுக்குப் பதிலாக ஏதோ ஹார்டுவேர் கடைப் போல்ட்டைப் போட்டிருந்தார்கள், தலையில் எண்ணே இல்லை. இரண்டு மாதத்தில் பின்னால் டக டக என்று சத்தம். கழற்றிப் பார்த்தால் போல்ட் வில்லாக வளைந்திருக்கிறது.

போல்ட் தலையில் 8.8 என்றோ 10.9 என்றோ அச்சடித்திருப்பதைப் பலரும் அளவு என்று நினைக்கிறார்கள். அது பலம். 8.8 என்றால் ஒரு சதுர மில்லிமீட்டருக்கு ஏறத்தாழ 80 கிலோ இழுவைக்குத்தான் முறியும், அந்த இழுவையில் எண்பது சதவீதம் வரை நிரந்தரமாக நீளாது. 4.6 என்று வரும் சாதாரண போல்ட்டுக்கு இதில் பாதிதான் தெம்பு. மரையும் ஒத்துப்போக வேண்டும். 10 மில்லி போல்ட்டிலேயே மரைக்கு மரை 1.25 மில்லி இடைவெளி உள்ளதும் உண்டு, 1.5 மில்லி உள்ளதும் உண்டு. இரண்டு சுற்று ஏறுகிறதே என்று முறுக்கினால் மரை போய்விடும்.

இந்த முறை காரைக்குடியில் லேத்தும் (கடைசல் மிஷின்) சேர்த்து வைத்திருக்கிற ஒரு வயதான மெக்கானிக் அண்ணனிடம் போனேன். வலது பக்கத்துக்கு நம்பர் போட்ட போல்ட்டைப் போட்டுக் கொடுத்துவிட்டு, இடது பக்கத்துக்கு மட்டும் நாள் கேட்டார். "இன்னைக்குக் கை வைக்க வேணாம் தம்பி. எண்ணெய் விட்டு அனுப்புறேன், ராத்திரி ஒருவாட்டி நீங்களும் விடுங்க, நாளக் கழிச்சு வாங்க. உடைஞ்சாலும் உடையும், அப்ப லேத் கூலி தனி, இப்பவே சொல்லிட்டேன்." இந்தக் கடைசி வார்த்தைதான் முதல் பட்டறையில் யாரும் சொல்லாதது. சொல்லியிருந்தால் நான் சண்டையே போட்டிருக்க மாட்டேன்.

மூன்றாம் நாள் போனபோது முதலில் ஒயர் பிரஷ்ஷால் வெளியே தெரிந்த மரையைத் தேய்த்துச் சுத்தம் செய்தார். அந்தத் துரு உதிர்வதைப் பார்க்க வேண்டுமே, காபித்தூள் மாதிரி என் செருப்பெல்லாம் விழுந்தது. பன்னிரண்டு முனை ரிங் ஸ்பேனரை ஒதுக்கிவிட்டு ஆறு பட்டை பாக்ஸ் ஸ்பேனரை எடுத்தார், போல்ட் தலையின் முனைகள் மழுங்காதாம். அவிழ்க்கிற பக்கம் திருப்பாமல் முதலில் இறுக்குகிற பக்கம் ஒரு நூல் அசைத்தார். அது கிரீச் என்றதும் அவிழ்க்கிற பக்கம் கால் சுற்று, எண்ணெய், மறுபடி உள்ளே, மறுபடி வெளியே. இருபது நிமிடம் இப்படியே. அடித்துத் தள்ளும்போது நட்டை முழுக்கக் கழற்றாமல் நுனி மட்டத்தில் நிறுத்தி அதன்மேல் அடித்தார், மரை நசுங்காமல் இருக்க. கீழ் போல்ட் முழுசாக வந்துவிட்டது.

மேல் போல்ட் அவர் கையிலும் உடைந்தது. அவர் அலட்டிக்கொள்ளவில்லை. ஷாக்கை இழுத்து எடுத்துத் தள்ளி வைத்தார், பேட்டரி ஒயரைக் கழற்றினார், டேங்க் பக்கமும் பிரேக் ஹோஸ் மேலும் ஈரச் சாக்கைப் போட்டார். சேசிஸில், அதாவது வண்டியின் அடிச்சட்டத்தில், பற்றவைத்திருந்த நட்டிலிருந்து முக்கால் அங்குலம் நீட்டிக்கொண்டிருந்த துண்டின் மேல் ஒரு நட்டை வைத்து வெல்டு செய்தார். சூடு ஆறுவதற்குள் மெழுகுவத்தியை மரை ஓரத்தில் வைக்க, மெழுகு உருகி உள்ளே இழுத்துக்கொண்டு போனது. 12 மில்லி போல்ட்டை 300 டிகிரி சூடாக்கினால் அது பெருப்பது 0.04 மில்லிமீட்டர்தான், ஒரு தலைமுடித் தடிமன்கூடத் தேறாது. அவ்வளவு பெருத்துச் சுருங்கினாலே துருவின் பிடி விட்டுவிடுகிறது. ஸ்பேனரைப் போட்டுத் திருப்பினார், வெண்ணெயில் கத்தி மாதிரி சுற்றி வந்தது.

மாட்டும்போது அவர் செய்ததைத்தான் முக்கியமாக எழுத வந்தேன். குழலுக்குள்ளும் போல்ட்டின் வழவழப்பான உடம்பிலும் விரலால் கிரீஸ் தடவினார், மரையில் லேசாக. மரையில் கிரீஸ் இருந்தால் வழுக்கும், பழைய பலத்தில் முறுக்கினால் போல்ட் நீண்டுவிடும் என்று கையை அளந்துதான் இறுக்கினார். அந்தக் கடைசி இறுக்கும் வண்டியை ஜாக்கியிலிருந்து இறக்கிச் சக்கரம் தரையில் நின்ற பிறகுதான். தூக்கிய நிலையில் இறுக்கினால் புஷ் ரப்பர் எந்நேரமும் முறுக்கியபடியே இருந்து சீக்கிரம் கிழியுமாம். போல்ட் உடைந்தால் கழற்றியவனைத் திட்டுகிறோம். ஐந்தாறு வருடம் முன்னால் அதை உலர்ந்த இரும்பாக மாட்டிவிட்டுப் போனவனை யாரும் கேட்பதில்லை. எங்கள் ஆச்சி வெள்ளிக்கிழமை தவறாமல் வளவுக் கதவுப் பூட்டுக்கு ஒரு சொட்டு நல்லெண்ணெய் விடுவார்கள். அப்பச்சி காலத்துப் பூட்டு, இன்றைக்கும் ஒற்றை விரலில் திறக்கிறது.

காரைக்குடிப் பக்கத்துக்காரனாக இன்னொன்றும் சொல்ல வேண்டும். துருவை ஆராய்கிற தேசிய நிலையம் எங்கள் காரைக்குடியில்தான் இருக்கிறது. வள்ளல் அழகப்பர் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து, நேரு 1948 ஜூலையில் அடிக்கல் நாட்டி, 1953 பொங்கலன்று திறக்கப்பட்ட சிக்ரி என்கிற மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம். உலோக அரிப்பு அங்கே தனித் துறை. பட்டறைக்குப் பட்டறை தொங்குகிற நீல டப்பா டபிள்யூ.டி.40-ம் அதே 1953-இல்தான் அமெரிக்காவில் வந்தது, ராக்கெட் தகட்டைத் துருவிலிருந்து காப்பாற்ற. இத்தனை பக்கத்தில் இருந்துகொண்டு எங்கள் பையன்கள் நாலடிப் பைப்பில் தொங்குகிறார்கள். ஐ.டி.ஐ. பிள்ளைகளுக்கும் பட்டறைப் பையன்களுக்கும் சிக்ரி ஆட்கள் ஒரு நாள் வகுப்பு எடுத்தால் என்ன? எந்த எண்ணெய், எவ்வளவு நேரம், எங்கே நெருப்பு வைக்கக் கூடாது, அவ்வளவு போதும்.

உங்கள் கட்டுரையில் கார்களின் முன்பக்க ஷாக்கையும் இதே ஓட்டத்தில் சேர்த்துவிட்டீர்கள். சுருள் ஸ்பிரிங்கோடு வருகிற அந்த வகையில், ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடிக்கும் கருவி இல்லாமல் உச்சி நட்டை அவிழ்த்தால் மூஞ்சியே போய்விடும். வீட்டில் செய்து பார்க்கிறவர்களும் உங்கள் பத்திரிகையைப் படிக்கிறார்கள். அடுத்த இதழில் இதற்குத் தனியாக ஒரு எச்சரிக்கை போடுங்கள். அரை மணி நேரம் என்பதற்குப் பக்கத்தில் "நட்டு அவிழ்ந்தால்" என்று இரண்டு வார்த்தையும் சேர்த்துவிடுங்கள்.

இப்படிக்கு,
வாடகை வண்டி ஓட்டுநர்,
புதுவயல், சிவகங்கை மாவட்டம்.