புதிய ஆய்வகத்தின் பொறுப்பேற்ற தோழிக்கு

அன்புள்ள கலைச்செல்வி,

உன் கடிதம் கிடைத்தது. ஆய்வகப் பொறுப்பை உன்னிடம் ஒப்படைத்திருக்கிறார்கள் என்று படித்ததும் மனம் நிறைந்தது. படிக்கிற காலத்திலேயே புட்டியில் பெயரும் தேதியும் எழுதி ஒட்டாமல் நீ இடத்தைவிட்டு நகர மாட்டாய். இங்கே எல்லோரும் நலம். மூத்தவள் ஆராய்ச்சிப் படிப்பில் சேர்ந்துவிட்டாள், அவளும் வேதியியல்தான். ஆகவே நீ கேட்ட கேள்வியை உனக்காக மட்டுமன்றி அவளுக்காகவும் சேர்த்தே யோசித்தேன்.

முன்பிருந்தவர் விட்டுச்சென்ற இடர் மதிப்பீட்டுப் படிவங்கள், அதாவது சோதனைக்கு முன்பே என்ன ஆபத்து வரலாம், எப்படித் தடுப்பது என்று எழுதும் தாள்கள், கோப்பு நிறைய இருக்கின்றன, அவற்றை அப்படியே தொடரலாமா என்று கேட்டிருந்தாய். வேண்டாம். அவற்றில் பிழை இருக்கும் என்பதால் சொல்லவில்லை. வேலையைச் செய்யப்போகிறவர் தாமே உட்கார்ந்து யோசித்து எழுதாத படிவம் அவரைக் காப்பாற்றாது என்பது என் உறுதியான எண்ணம். பழைய தாளில் புதுக் கையெழுத்து போட்டால் அலுவலகத்துக்குப் போதும், அமிலத்துக்குப் போதாது.

மாணவர்களை எழுதவைக்கும்போது பொருளின் பெயரிலிருந்து தொடங்கவிடாதே. செய்யப்போகும் காரியத்திலிருந்து தொடங்கச் சொல். எவ்வளவு எடுக்கிறாய், எதில் ஊற்றுகிறாய், சூடேற்றுகிறாயா, கலன் மூடியிருக்கிறதா, நடுவில் மின்சாரம் நின்றால் என்ன ஆகும், குளிர்விக்கும் நீர் நின்றால் என்ன ஆகும், அந்த நேரத்தில் அறையில் வேறு யார் இருப்பார்கள்? எளிதில் தீப்பற்றும் கரைப்பானான அசிட்டோன் எல்லா ஆய்வகத்திலும் இருக்கிறது. ஆவியை உறிஞ்சி வெளியேற்றும் ஃபியூம் ஹூட்டுக்குள் சிறிய கழுவு புட்டியில் இருக்கும் அசிட்டோனும், சூட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் திறந்த பீக்கரில் இருக்கும் அசிட்டோனும் தயாரிப்பாளர் தரும் பாதுகாப்புத் தரவுத் தாளில் ஒன்றுதான். அந்தத் தாளின் 16 பிரிவுகளையும் படிக்கத்தான் வேண்டும். ஆனால் உன் மேசையில் நடக்கப்போவது அதில் எழுதியிருக்காது.

வாய்ப்புக்கு ஒன்று முதல் ஐந்து, விளைவின் கடுமைக்கு ஒன்று முதல் ஐந்து என்று மதிப்பெண் போட்டு இரண்டையும் பெருக்கும் அட்டவணை உங்கள் படிவத்திலும் இருக்கும். அதை நான் முழுமையாக நம்புவதில்லை. அடிக்கடி நடக்கிற, விரலில் சிறு கீறலோடு முடிகிற விபத்துக்கு ஐந்து பெருக்கல் ஒன்று, ஐந்து வரும். எப்போதோ நடக்கிற, உயிரைப் பறிக்கிற விபத்துக்கு ஒன்று பெருக்கல் ஐந்து, அதுவும் ஐந்துதான். இரண்டையும் ஒரே தட்டில் வைக்க எனக்கு மனம் வராது. கடுமைக்கு ஐந்து போட்ட எதையும், பெருக்கல் என்ன சொன்னாலும், தனியாக எடுத்துப் பேசுங்கள்.

அளவைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். 2010 ஜனவரியில் அமெரிக்காவின் டெக்சாஸ் டெக் பல்கலைக்கழகத்தில் நிக்கல் ஹைட்ரசின் பெர்குளோரேட் என்ற வெடிக்கும் சேர்மம் வெடித்து ஒரு ஆராய்ச்சி மாணவர் மூன்று விரல்களை இழந்தார், கண்ணிலும் காயம். ஒருமுறைக்கு 100 மில்லிகிராமுக்கு மேல் தயாரிக்கக் கூடாது என்ற வரம்பு அங்கே இருந்தது, ஆனால் வாய்மொழியாக மட்டும். அன்று தயாரித்திருந்ததோ ஏறக்குறைய 10 கிராம், அதாவது நூறு மடங்கு. அமெரிக்க வேதிப் பாதுகாப்பு வாரியம் இதை விசாரித்து வெளியிட்ட அறிக்கையை உன் மாணவர்கள் எல்லோரும் படிக்க வேண்டும்.

அளவு கூடும்போது ஆபத்தும் அதே கணக்கில் கூடும் என்று இளம் பிள்ளைகள் நினைத்துக்கொள்கிறார்கள். வெப்பம் உமிழும் வினையை எடுத்துக்கொள். குடுவையின் விட்டம் இரண்டு மடங்கானால் உள்ளே இருக்கும் கலவை எட்டு மடங்காகிறது. வெப்பம் வெளியேறும் மேற்பரப்போ நான்கு மடங்குதான். சிறு குடுவையில் சாதுவாக நடந்த வினை பெரிய குடுவையில் கட்டுக்கடங்காமல் போவதற்கு இதுவே காரணம். அதனால் அளவு மாறினாலும், கருவி மாறினாலும், செய்கிற ஆள் மாறினாலும் படிவத்தை மீண்டும் திறக்க வேண்டும் என்பதை ஆய்வகத்தின் முதல் விதியாக வை. எழுதியும் வை, வாயால் சொன்னது நிற்காது.

கட்டுப்பாட்டு முறைகளின் வரிசை உனக்குத் தெரியும். ஆபத்தானதை அடியோடு நீக்குவது, முடியாவிட்டால் வேறொன்றை வைப்பது, பிறகு கருவிகளால் தடுப்பது, பிறகு நடைமுறை விதிகள், கடைசியாகத்தான் கையுறையும் கண்ணாடியும் அங்கியும். வரிசை எல்லோருக்கும் மனப்பாடம், படிவங்களோ கையுறையில் தொடங்கிக் கையுறையிலேயே முடிகின்றன. இதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கேரன் வெட்டர்ஹான் நினைவு வரும். டார்ட்மத் கல்லூரிப் பேராசிரியர், நச்சு உலோகங்களையே ஆராய்ந்தவர். 1996 ஆகஸ்டில் டைமெத்தில் மெர்குரி என்ற கொடிய பாதரசச் சேர்மத்தின் சில துளிகள் அவருடைய லேடக்ஸ் கையுறையில் விழுந்தன. ஃபியூம் ஹூட்டில்தான் வேலை செய்துகொண்டிருந்தார், அன்றைக்கு அறிந்திருந்த விதிகளை மீறவும் இல்லை. அறிகுறிகள் தெரிய மாதங்கள் ஆயின. 1997 ஜூனில் இறந்துபோனார். அந்தச் சேர்மம் அத்தகைய கையுறையை 15 விநாடிக்குள் ஊடுருவிவிடும் என்பது பின்னர் நடந்த சோதனையில்தான் தெரிந்தது.

இதைச் சொல்பவர்கள் பெரும்பாலும் சரியான கையுறையைத் தேர்ந்தெடுங்கள் என்பதோடு நிறுத்திவிடுகிறார்கள். அது உண்மைதான், ஒவ்வொரு வேதிப்பொருளுக்கும் கையுறை தயாரிப்பாளரின் ஊடுருவல் அட்டவணையைப் பார்க்கத்தான் வேண்டும். ஆனால் என் மனத்தை உறுத்துவது வேறு. அவர் அதை வினைபுரிய வைக்க எடுக்கவில்லை, மூலக்கூறின் அமைப்பை ஆராயும் என்எம்ஆர் கருவியில் பாதரசத்துக்கான ஒப்பீட்டுப் பொருளாகத்தான் எடுத்தார். அந்த வேலைக்கு நச்சுத்தன்மை குறைந்த பாதரச உப்புகளைப் பயன்படுத்தலாம் என்று பிறகு அறிவுறுத்தினார்கள். வரிசையின் மேல்படியில் கேட்க வேண்டிய கேள்வியை அந்தக் காலத்தில் யாரும் கேட்கவில்லை. "இது இல்லாமல் முடியாதா?" என்ற கேள்விக்குப் பதில் எழுதாத எந்தப் படிவத்திலும் நீ கையெழுத்திடாதே.

ஃபியூம் ஹூட் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், மற்றதெல்லாம் உனக்கே தெரியும். முகப்பில் காற்றின் வேகம் விநாடிக்கு அரை மீட்டர் அளவில் இருக்கிறதா என்று அளந்து பார். வேலை ஹூட்டின் விளிம்பிலிருந்து 15 சென்டிமீட்டராவது உள்ளே நடக்கட்டும். ஹூட்டைப் புட்டி அடுக்கும் அலமாரியாக மாற்ற விடாதே, காற்றோட்டம் கெட்டுப்போகும்.

திரவ நைட்ரஜனை எந்த அறையில் வைப்பது என்று இன்னும் முடிவாகவில்லை என்றாயே, அதற்கு ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு லிட்டர் திரவம் ஆவியானால் ஏறக்குறைய 700 லிட்டர் வாயு. 25 லிட்டர் கலன் முழுவதும் சிந்தினால் பதினேழரை கன மீட்டர். நீ சொன்ன 60 கன மீட்டர் அறையில், காற்றோட்டம் இல்லையென்றால், ஆக்சிஜன் 21 விழுக்காட்டிலிருந்து சுமார் 15க்கு இறங்கிவிடும். 19.5க்குக் கீழே போனாலே ஆபத்து என்று கொள்கிறோம். நைட்ரஜனுக்கு மணமில்லை, மூச்சுத் திணறும் உணர்வும் வராது, ஆள் அப்படியே சரிந்துவிடுவார். அந்த அறையை விட்டுவிடு, அல்லது அலாரத்தோடு ஆக்சிஜன் அளவுமானி வைத்துவிட்டுப் பிறகு கலனைக் கொண்டுவா. மாடிக்கு லிஃப்ட்டில் ஏற்றும்போது கலனோடு யாரும் உள்ளே போகக் கூடாது.

கழிவுப் பகுதிக்கு நீயே நேரில் போய்ப் பார். நைட்ரிக் அமிலக் கழிவும் கரிமக் கரைப்பானும் ஒரே புட்டியில் சேர்ந்தால் வாயு பெருகி மூடிய புட்டி வெடிக்கும், அதுவும் எல்லோரும் வீட்டுக்குப் போன பிறகு வெடிக்கலாம். ஈதர், டெட்ராஹைட்ரோஃபியூரான் ஆகிய கரைப்பான்களின் புட்டிகளில் திறந்த தேதி இருக்கிறதா என்று பார். தேதியில்லாத பழைய புட்டியின் மூடியைத் திருகவே திருகாதே. நாள்பட அவற்றில் உருவாகும் பெராக்சைடு படிகங்கள் மூடியின் புரியில் இருந்தால், வெடிக்க அந்த உராய்வே போதும். உரிய நிபுணர்களை அழைத்து அப்புறப்படுத்து.

கண்டிப்பாக இருந்தால் பிள்ளைகள் உன்னிடமிருந்து விலகிவிடுவார்கள் என்று கவலைப்பட்டிருந்தாய். எதில் கண்டிப்பு என்பதைப் பொறுத்தது அது. மயிரிழையில் விபத்து தப்பிய சம்பவத்தை, சிந்தியதை, உடைந்ததை வந்து சொல்கிறவரைத் திட்டாதே, நன்றி சொல். ஒருமுறை திட்டிவிட்டால் அடுத்த சிந்தல் உன் காதுக்கு வராது. கண்ணாடி போடாமல் உள்ளே வருபவர் யாராக இருந்தாலும், உன் மேலதிகாரியாகவே இருந்தாலும், வெளியே அனுப்பு.

கடைசியாக, ஹைட்ரோஃப்ளூரிக் அமிலம் வாங்கப்போவதாக ஒரு வரியில் எழுதியிருந்தாய். அந்த வரியைப் படித்ததிலிருந்து எனக்கு நிம்மதியில்லை. நீர்த்த கரைசல் தோலில் பட்டால் உடனே வலிக்காது, மணிக்கணக்கில் கழித்துத்தான் தெரியும். அதற்குள் ஃப்ளூரைடு உள்ளே இறங்கி இரத்தத்தின் கால்சியத்தைப் பிணைத்து இதயத்தையே பாதிக்கும். முதலில் அது இல்லாமல் முடியாதா என்று பார். முடியாதென்றால், பட்ட இடத்தில் தடவும் கால்சியம் குளுக்கோனேட் ஜெல் காலாவதியாகாமல் கையில் இருக்கட்டும், அருகிலுள்ள மருத்துவமனைக்கு முன்கூட்டியே எழுதி அவர்களிடம் சிகிச்சைக்கு வழி உண்டா என்று கேள். ஜெல் வந்து சேர்ந்து, மருத்துவமனையின் பதிலும் வரும்வரை அமிலத்துக்கு ஆர்டர் கொடுக்காதே. பதில் வந்ததும் எனக்கு எழுது.

அன்புடன்,
தேன்மொழி