ரேகை இல்லாத விரல்கள்: ஓய்வூதிய அலுவலருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஓய்வூதிய அலுவலர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் அலுவலகத்திலிருந்து என் அப்பாவின் பெயருக்கு அனுப்பிய அறிவிப்பு வந்து சேர்ந்தது. வாழ்நாள் சான்று புதுப்பிக்கப்படாததால் ஓய்வூதியம் நிறுத்தி வைக்கப்பட்டுள்ளது என்றும், பயனாளி நேரில் வந்து கைரேகை பதிந்தால் மீண்டும் வழங்குவது பரிசீலிக்கப்படும் என்றும் அதில் எழுதியிருக்கிறீர்கள். தபால்காரர் அதைக் கொடுத்தபோது அப்பாவின் பதினாறாம் நாள் காரியம் முடிந்து, வாடகைக்கு எடுத்த அண்டா குண்டான்களைத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தோம். ஆகவே நேரில் வர அவருக்கு வசதிப்படாது என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

நடந்தது எல்லாம் தங்கள் கோப்பில் இருக்கிறது. நானும் தம்பியும் மாறி மாறி அவரைப் பஸ்ஸில் அழைத்து வந்ததும், ஒவ்வொரு முறையும் அவர் விரலை அந்தச் சிறிய கருவியின் கண்ணாடியில் வைத்ததும், கருவி அவரை ஏற்காததும் தங்கள் ஊழியர்களுக்குத் தெரியும். அதை மறுபடி விவரித்துத் தங்கள் நேரத்தை வீணாக்க மாட்டேன். அந்த விரல்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.

அப்பா சுவாமிமலையில் உலோகச் சிலைகளுக்குச் செதுக்கு வேலை செய்தவர். சொந்தப் பட்டறை கிடையாது, கடைசிவரை கூலிக்காரர்தான். ஒரு சிலை பலர் கைகளைக் கடந்து வருவது தாங்கள் அறியாததல்ல. மெழுகையும் குங்கிலியத்தையும் சேர்த்துக் காய்ச்சி உருவம் பிடிப்பவர் ஒருவர். அதன்மேல் காவிரி வண்டலை மெல்லப் பூசிக் காயவைத்து, மேலும் மேலும் மண் அப்பிக் கம்பி கட்டுபவர் இன்னொருவர். வறட்டி நெருப்பில் வாட்டி மெழுகை வெளியே ஓடவிட்டு, அது இருந்த இடத்தில் உருகிய உலோகத்தை ஊற்றுவதற்கு நாலைந்து பேர் வேண்டும். ஆறியபின் மண்ணை உடைத்தால் வெளியே வருவதைப் பார்த்து யாரும் கன்னத்தில் போட்டுக்கொள்ள மாட்டார்கள். கருத்து, சொரசொரத்து, உலோகம் ஓடிய குழாய்கள் கிளைகிளையாக நீட்டிக்கொண்டு, மூக்கும் உதடும் மழுங்கிக் கிடக்கும். அதை எடுத்து முன்னால் வைத்துக்கொண்டு உட்காருவதுதான் அப்பாவின் வேலை. குழாய்களை அறுத்து, அரத்தால் ராவி, சின்னச் சின்ன உளிகளால் நகையையும் ஆடை மடிப்பையும் நகக்கண்ணையும் எடுத்து, உப்புத்தாளால் தேய்த்து, கடைசியில் புளி போட்டுக் கழுவுவது வரை அவர் பாடு. சோழர் காலத்தில் நுணுக்கங்களில் பெரும்பகுதியை மெழுகிலேயே முடித்துவிட்டார்கள் என்பார்கள். இப்போது பாதி வேலை உலோகத்தில்தான் நடக்கிறது.

அரம் வலது கையில் இருக்கும். இடது கைக் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சிலையை அழுத்திப் பிடித்து, அரம் எதுவரை போகலாம் என்பதற்கு எல்லை காட்டும். எல்லையைத் தாண்டினால் தேய்வது விரல்தான். முதலில் இடது கை போனது. உப்புத்தாள் பிடித்துப் பிடித்து வலது கையும் போனது. எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்தே அவர் விரல் நுனிகள் மழமழவென்று, ஓரங்களில் மட்டும் தடித்து வெடித்திருக்கும். அந்த நுனிகளுக்குச் சூடு தெரியாது. எங்களைக் குளிப்பாட்டும்போது புறங்கையை விட்டுத்தான் வெந்நீரைப் பதம் பார்ப்பார். அம்மா மருத்துவமனையில் இருந்த நாட்களில் எனக்குத் தலை பின்னிவிட்டவர் அவர்தான். வெடிப்புகளில் முடி மாட்டிக்கொள்ளும். நான் "ஆ" என்பேன். அவர் கையை உதறிவிட்டு முதலிலிருந்து ஆரம்பிப்பார். பள்ளியில் அத்தனை இறுக்கமான பின்னல் வேறு யாருக்கும் இருந்ததில்லை.

சிலையின் உயரத்துக்குத் தென்னை ஓலை நறுக்கு ஒன்றை வெட்டி, அதை மடித்து மடித்துத்தான் அளவு எடுப்பார்கள். உத்தம தச தாளம் என்ற சிற்ப அளவு முறையில் ஒரு திருமேனி 124 கூறு. முகம் இத்தனை, கழுத்து இத்தனை, முழங்கால் இத்தனை என்று எல்லாம் அந்த ஓலைக்குள் அடங்கிவிடும். நாங்கள் வளர்ந்ததையும் அப்பா அப்படித்தான் அளந்தார். ஆயுத பூஜைக்கு ஆயுதங்களைக் கழுவிப் பொட்டு வைத்ததும், எங்கள் இருவரையும் சுவரோடு நிறுத்தி ஆளுக்கொரு ஓலை வெட்டுவார். தம்பிக்கு முகம் நீளம், கால் குட்டை, எந்தத் தாளத்திலும் அடங்காத பிள்ளை என்று ஆண்டு தவறாமல் கேலி செய்வார். மழைக்காலத்தில் பட்டறையில் வேலை இல்லாமல் போனால், கேட்டு வாங்கி வந்த மெழுகுத் துண்டில் யானை பிடித்துக் கொடுப்பார். ஒரு யானைக்கும் இன்னொரு யானைக்கும் ஜாடை ஒத்துப்போகாது.

எந்தச் சிலையிலும் அவர் பெயர் கிடையாது. பெயர் பொறிக்கிற வழக்கம் அந்தத் தொழிலில் இல்லை, அவரும் எதிர்பார்க்கவில்லை. கும்பகோணத்தில் ஒரு கடையில் நடராஜரைப் பின்பக்கம் திருப்பிப் பார்த்துவிட்டு, "நம்ம வேலைதான்" என்று என்னிடம் மட்டும் மெல்லச் சொன்னார். கடைக்காரரிடம் சொல்லவில்லை. விலை கேட்டுவிட்டு, சிரித்துக்கொண்டே வெளியே வந்துவிட்டார்.

அலுவலர் அவர்களே, இப்படிப்பட்டவரிடம்தான் தங்கள் ஊழியர் ஒருவர், "பெரியவரே, ஒரு வாரம் வேலைக்குப் போகாமல், தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு இருங்கள். ரேகை வந்துவிடும்" என்றார். அந்தப் பிள்ளையை நான் குறை சொல்லவில்லை. தெரிந்த வழியைச் சொன்னார், மரியாதையாகவும் பேசினார். அப்பா அதை மருத்துவர் வாக்காக எடுத்துக்கொண்டார். காய்ச்சலிலும் பட்டறைக்குப் போனவர், வாழ்க்கையில் முதல்முறையாகத் திண்ணையில் உட்கார்ந்து, இரண்டு கைகளையும் வெயிலில் நீட்டி எண்ணெய் தடவிக்கொண்டிருந்தார். அம்மா பாத்திரத்தில் கைவைக்கவிட மாட்டாள். செய்தித்தாளைக்கூட நாங்கள்தான் புரட்டிக் கொடுத்தோம். ரேகை முளைக்கும் என்று வீடே காத்திருந்தது. கூலியும் போயிற்று. பிறகு தங்கள் அலுவலகத்துக்கு வந்து விரலை வைத்தார், பதியவில்லை. திரும்பும்போது பஸ்ஸில், "ராவினது ராவினதுதானே, மறுபடி எங்கிருந்து வரும்?" என்றார். அதற்குமேல் அதைப் பற்றிப் பேசவில்லை. சில வாரங்களில் மூச்சுத்திணறல் கூடிப் படுத்துவிட்டார். ஓய்வூதியம் நின்ற மாதங்களில் மருந்துக்கு அம்மாவின் தோடு போனது.

நான் கேட்பது ஒன்றுதான். கைரேகை பதியவில்லை என்ற காரணத்துக்காக எந்த முதியவரையும் திருப்பி அனுப்பாதீர்கள். மாற்று வழியில் சரிபார்த்து, அதே நாளில், அதே மேசையில் சான்றை முடித்துக் கொடுங்கள்.

இது புதிய சலுகை ஒன்றும் அல்ல. பயோமெட்ரிக் பதிவு தோற்றுப்போகும் இடங்களில் விதிவிலக்கு முறையைக் கையாள வேண்டும் என்று ஆதார் ஆணையம் 2017-லேயே சுற்றறிக்கை அனுப்பியிருக்கிறது. அடையாளச் சரிபார்ப்பு தோல்வியடைந்தது என்பதற்காக உரியவருக்குச் சேர வேண்டியது மறுக்கப்படக் கூடாது என்பதை 2018 செப்டம்பர் 26 ஆதார் தீர்ப்பில் உச்ச நீதிமன்றமும் வலியுறுத்தியது. மத்திய அரசு ஓய்வூதியர்கள் 2021 நவம்பர் முதல் கைபேசியில் முகத்தைக் காட்டியே வாழ்நாள் சான்று கொடுக்க முடிகிறது. தமிழ்நாட்டில் பல ரேஷன் கடைகளுக்குக் கருவிழிப் பதிவுக் கருவி வந்துவிட்டது. பருப்பு வாங்கப் போனால் கண்ணைப் பார்க்கிறார்கள். ஓய்வூதியம் வாங்க வந்தால் விரலை மட்டுமே பார்ப்போம் என்றால் எப்படி?

தேய்ந்த விரல் அப்பாவுக்கு மட்டும் இல்லை. கல் உடைக்கிறவர், நெசவாளர், சலவைத் தொழிலாளி, செங்கல் சூளையில் மண் மிதித்தவர் என்று தங்கள் பெஞ்சில் காத்திருக்கும் பாதிப் பேருக்கு அதே கதைதான். கையால் உழைத்தவர்களுக்கான ஓய்வூதியத்தைக் கை தேயாதவர்களுக்கு மட்டும் கொடுக்கும் ஏற்பாட்டை யார் யோசித்தார்களோ, அவர் நிச்சயம் கையால் உழைத்தவராக இருக்க மாட்டார்.

சொல்ல வேண்டாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 2023 செப்டம்பரில் ஜி-20 மாநாட்டுக்கு உலகத் தலைவர்கள் டெல்லிக்கு வந்தபோது, பாரத் மண்டபத்தின் முன்னால் நின்று வரவேற்றது எங்கள் சுவாமிமலையில் வார்த்த 27 அடி நடராஜர். 18 டன் எடை, எட்டு உலோகங்கள். அப்பா அந்தச் சிலையில் வேலை செய்யவில்லை. என்றாலும் தொலைக்காட்சியில் காட்டியபோது எழுந்து நின்று பார்த்தார். ஊரின் பெருமை என்று எல்லோரும் பேசினார்கள். புவிசார் குறியீடு இருக்கிறது, கண்காட்சிகளில் அரங்கு இருக்கிறது, சுற்றுலாக் கையேட்டில் படம் இருக்கிறது. படத்தில் தெரியும் கைகளுக்கு உரியவர் தங்கள் வாசலுக்கு வந்தால் மட்டும், யார் என்று தெரியவில்லை என்கிறது கருவி.

இன்னொன்று. ஸ்ரீபுரந்தான் கோயிலில் திருடிய நடராஜர் கடல் கடந்து ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம் வரை போய், 2014-ல் நாடு திரும்பினார். அவரை அடையாளம் காணப் புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தில் இருந்த பழைய புகைப்படங்கள் உதவின. ஒரு புகைப்படத்தை வைத்துக் கடவுளை அடையாளம் கண்டு கூட்டி வந்த நாடு இது. ஆதார் அட்டை, குடும்ப அட்டை, தொழிலாளர் அடையாள அட்டை என்று மூன்று புகைப்படங்களோடு எதிரே உட்கார்ந்து இருமிக்கொண்டிருந்தவரை, அவர்தான் இவர் என்று சொல்ல ஆள் இல்லாமல் போயிற்று. உயிரோடு இருக்கிறார் என்பதற்கு அந்த இருமலைவிட வேறு என்ன சான்று வேண்டும்?

கடுமையாகப் போய்விட்டது, மன்னிக்க வேண்டும். தங்கள் மேசையில் குவிந்திருக்கும் கோப்புகளையும் பார்த்திருக்கிறேன், காலியாகக் கிடக்கும் ஊழியர் நாற்காலிகளையும் பார்த்திருக்கிறேன். இத்தனை பேருக்கு நடுவில் ஒருவரை மட்டும் கவனிப்பது எளிதில்லை. அதனால்தான் ஒவ்வொருவராக வந்து கெஞ்ச வேண்டிய தேவையே இல்லாதபடி ஒரு நிரந்தர ஏற்பாட்டைக் கேட்கிறேன்.

தங்கள் அலுவலகத்தில் ஒரு கருவிழிப் பதிவுக் கருவி வையுங்கள், அல்லது முக அடையாள வசதியைச் செய்து கொடுங்கள். அதோடு நிறுத்திவிடவும் வேண்டாம். வயதானவர்களில் பலருக்குக் கண்புரை இருக்கிறது. கருவிழியும் சிலரைக் கைவிடும். அப்படிப்பட்டவர்களைத் தாங்களோ தங்களுக்கு அடுத்த நிலை அலுவலரோ நேரில் பார்த்து, அட்டைகளைச் சரிபார்த்து, கையெழுத்திட்டுச் சான்று கொடுக்கலாம் என்று எழுத்தில் ஓர் உத்தரவு பிறப்பித்து, அதைப் பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர்கள் படிக்கும்படி வாசலில் ஒட்டுங்கள். கைரேகை பதியவில்லை என்று எவரையும் வெறும் கையோடு திருப்பி அனுப்பாதீர்கள். படுத்த படுக்கையாக இருப்பவர்கள் வீட்டுக்கு ஆள் அனுப்ப முடிந்தால் இன்னும் நல்லது, அதை வற்புறுத்தவில்லை.

அப்பாவுக்கு நிறுத்தி வைத்த மாதங்களின் தொகையைப் பற்றியும் ஒரு வார்த்தை. அதை விட்டுவிடு, போனவர் போய்விட்டார் என்கிறாள் அம்மா. நான் விடுவதாக இல்லை. அது அவர் உயிரோடு இருந்த மாதங்களுக்கு உரியது. சேர வேண்டியவர்களிடம் சேர்க்க வேண்டும். இறப்புச் சான்றிதழின் நகலையும் தங்கள் அறிவிப்பின் நகலையும் தனியே பதிவுத் தபாலில் அனுப்பியிருக்கிறேன்.

குடும்ப ஓய்வூதியம் கேட்டு வரும் மாதம் அம்மா தங்கள் அலுவலகத்துக்கு வருவாள். பல வீடுகளுக்குப் பாத்திரம் தேய்த்து எங்களைப் படிக்க வைத்தவள் அவள். ரேஷன் கடையில் அவள் விரலும் இப்போதெல்லாம் முதல் தடவையில் பதிவதில்லை. அவள் வருவதற்குள் ஏற்பாட்டைச் செய்துவிடுமாறு வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன். எந்தத் தேதியில் வரலாம் என்று ஒரு வரி எழுதினால், தம்பி விடுப்பு எடுத்து அழைத்து வருவான்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
சுவாமிமலைச் செதுக்குத் தொழிலாளி ஒருவரின் மூத்த மகள்