பெர்லினில் பார்த்த அந்தப் பாட்டிக்கு நன்றி

மேற்படிப்புக்காக பெர்லின் வந்து இறங்கிய பிறகு வந்த முதல் ஞாயிறு. அறையில் அரிசியும் இல்லை, பாலும் இல்லை. ஊரில் கடைகளும் அடைப்பு. ஜெர்மனியில் ஞாயிறு என்றால் அப்படித்தானாம். ட்ரெப்டோவர் பார்க் ரயில் ஸ்டேஷன் நடைமேடையில் டிக்கெட்டோடு நின்ற என்னை, நாயோடு வந்த நீங்கள்தான் கைகாட்டி நிறுத்தினீர்கள். இயந்திரத்தில் டிக்கெட் எடுத்தால் மட்டும் போதாது, பக்கத்தில் நிற்கும் சின்னப் பெட்டியில் நுழைத்து நேரத்தைக் குத்த வேண்டும். இல்லையென்றால் 60 யூரோ அபராதம். அரைகுறை ஆங்கிலத்தில் விளக்கிவிட்டு, என் டிக்கெட்டை வாங்கி நீங்களே குத்தியும் தந்தீர்கள்.

ஞாயிறன்றும் திறந்திருக்கும் சூப்பர் மார்க்கெட் சென்ட்ரல் ஸ்டேஷனுக்குள் இருக்கிறது என்று சொல்லி, அதன் வாசல் வரை கூடவே வந்தீர்கள். வழியெல்லாம் பாடம்தான்! காலி பாட்டிலைத் தூக்கிப் போடாதே, கடையில் திருப்பிக் கொடுத்தால் 25 சென்ட் வரை கிடைக்கும். சுற்றுலா பஸ்ஸுக்குக் காசு கொட்டாதே, 100ஆம் எண் டவுன் பஸ்ஸில் மாடிக்குப் போய் உட்கார்.

அப்புறம் ஒருநாள் அதில் அலெக்சாண்டர்பிளாட்ஸ் சதுக்கம் வரை போனேன், பாட்டி. வழியில் ஜெர்மன் பாராளுமன்றத்தையே சாதாரண டிக்கெட்டில் பார்த்தாயிற்று. ரொம்ப நன்றி. உங்கள் நாய்க்கும்தான்.