மூழ்கிய வயலில் இறங்கிக் கணக்கெடுங்கள்: பயிர்க் காப்பீட்டு அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

மத்திய, மாநில வேளாண் துறை அதிகாரிகளுக்கும், பயிர்க் காப்பீட்டைப் பொறுப்பேற்று நடத்துகிறவர்களுக்கும்,

வணக்கம். காவிரிக் கடைமடையில் சம்பா போடுகிற சிறு விவசாயி எழுதுகிறேன். 2025 நவம்பர் கடைசியில் டிட்வா புயல் மழையில் எங்கள் பக்கத்து வயல்கள் என்ன ஆயின என்பது உங்களுக்குத் தெரியும். அதனால் மழைக் கதையைத் திரும்பச் சொல்லப் போவதில்லை. காப்பீட்டு இழப்பீட்டைக் கணக்கிட அறுவடை நேரத்தில் எங்கள் ஊரில் நடந்த மகசூல் பரிசோதனைதான் இதை எழுத வைத்தது.

நான்கு வயல்கள் தேர்வாகியிருந்தன. ஐந்து மீட்டருக்கு ஐந்து மீட்டர் கயிறு பிடித்து, அறுத்து, அடித்து, தூற்றி, எடை போட்டார்கள். வந்தவர்கள் தங்கள் வேலையை ஒழுங்காகவே செய்தார்கள், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் நான்கும் ரோட்டை ஒட்டிய மேட்டு வயல்கள். வடிகால் பக்கத்துப் பள்ளத்து வயல் ஒன்றுகூட அதில் விழவில்லை. "மகசூல் பரவாயில்லையே" என்றார் வந்தவர்களில் ஒருவர். அவர் நின்ற இடத்தில் அது உண்மைதான்.

அங்கிருந்து கூப்பிடு தூரத்தில் ஓர் அக்காவின் வயல் இருக்கிறது. கோயில் நிலம், மூன்று மா (ஏறக்குறைய ஒரு ஏக்கர்), குத்தகை. புருஷன் இல்லை, பிள்ளை திருப்பூரில். நேரடி விதைப்பு வேண்டாம் என்று கடன் வாங்கி நடவு நட்டவர். பயிர் தூர் கட்டி நின்ற நேரத்தில் வெள்ளம் வந்தது. மேட்டில் இரண்டு மூன்று நாளில் வடிந்துவிட்டது. பள்ளத்தில் வடியவே இல்லை, ஏனென்றால் வடிகாலே நிரம்பி எதிர்த்துக்கொண்டு நின்றது. தண்ணீர் இறங்கியபோது அவரோடு நானும் வயலுக்குப் போனேன். இலை நுனியெல்லாம் சேறும் பாசியும். ஒரு குத்தைப் பிடித்து லேசாக இழுத்தார். நடுக்குருத்து மட்டும் கையோடு வந்துவிட்டது. அடித்தண்டு பழுப்பாகி, தொட்டால் நசுங்குகிறது, நாற்றம். அக்கா அதை முகர்ந்து பார்த்துவிட்டு வரப்பில் போட்டார். அப்புறம் மேட்டு வயல்காரர் ஒருவரிடம் கேட்டு, நன்றாக இருந்த குத்துகளில் தூர் பிரித்து வாங்கிவந்து, செத்த இடங்களில் நட்டார். அந்தப் பருவத்தில் வேறு எங்கே நாற்று கிடைக்கும்? நட்டதில் பாதி பிடிக்கவில்லை. பிடித்ததும் பிந்திப்போய்ப் பதராகத்தான் நின்றது.

அந்த அக்கா பிரீமியம் கட்டிய ரசீது வைத்திருக்கிறார். குத்தகைக்காரர் என்பதால், என்ன பயிர் நிற்கிறது என்று காட்டுகிற அடங்கல் சான்று வாங்கவே படாத பாடு பட்டு, கடைசித் தேதிக்குள் பதிவு செய்தவர். அவருக்கு வர வேண்டிய இழப்பீட்டைத்தான் ரோட்டோர வயல்களின் எடை தீர்மானிக்கப் போகிறது. பக்கத்து வீட்டுக்காரருக்கு நாடி பார்த்துவிட்டு எனக்குக் காய்ச்சல் இல்லை என்று எழுதிக்கொடுப்பது போல இருக்கிறது இது.

விதி எனக்குத் தெரியும். 2016-ல் தொடங்கிய பிரதமர் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் நெல்லுக்கு இழப்பைக் கணக்கிடும் அலகு கிராமம்தான். முந்தைய ஏழு ஆண்டுகளில் நன்றாக விளைந்த ஐந்து ஆண்டுகளின் சராசரியை வைத்து உத்தரவாத மகசூல் வரும். ஊர் சராசரி அதற்குக் கீழே போனால்தான் ஊருக்கே இழப்பீடு. வறட்சிக்கு இது சரி. மழை பொய்த்தால் மேடும் பள்ளமும் சேர்ந்தே காயும். வெள்ளம் அப்படியா வருகிறது? ஒரே ஊரில் ஒரு வயலை விட்டுவிட்டு அடுத்த வயலை அழிக்கும். அதனால்தான் வெள்ளத்தில் மூழ்குவதைத் தனி வயல் இழப்பாகப் பார்க்கும் பிரிவு தொடக்கத்தில் நெல்லுக்கும் இருந்தது. 2018-ல் நெல்லை அதிலிருந்து வெளியே தள்ளினீர்கள். தவறாகப் பயன்படுத்திவிடுவார்கள், மூழ்கிய பயிரை மதிப்பிடுவது சிரமம், இவையே சொன்ன காரணங்கள்.

அதற்குப் பிறகு எங்களுக்கு என்னென்ன வந்தது என்று பாருங்கள். 2020 டிசம்பரில் புரெவி. அடுத்த மாதமே, பொங்கல் சமயத்தில், அறுவடைக்கு நின்ற கதிரெல்லாம் சாய்ந்து வயலிலேயே முளைத்த மழை. 2021 நவம்பர். 2022 நவம்பரில் சீர்காழியில் ஒரே நாளில் 44 சென்டிமீட்டர். 2023 பிப்ரவரி. இப்போது டிட்வா. தன் பயிரைத் தானே மூழ்கடித்துவிட்டுப் பணம் கேட்க வருவான் என்று எங்களைச் சந்தேகப்பட்டீர்களே, இத்தனை மழையில் எதை நாங்கள் வரவழைத்தோம்?

2025 நவம்பரில் மத்திய வேளாண் அமைச்சகம் நெல் மூழ்குவதை மீண்டும் சேர்ப்பதாக அறிவித்தது. காரிஃப் 2026 முதல் என்றது. அதற்கு மனமார்ந்த நன்றி. ஆனால் கடைமடையில் காரிஃப் என்றால் ஜூன் வாக்கில் தொடங்குகிற குறுவை. எங்கள் வெள்ளம் வருவது கார்த்திகை, மார்கழியில். அப்போது வயலில் நிற்பது சம்பாவும், குறுவை அறுத்த பிறகு போடுகிற தாளடியும். தமிழ்நாட்டில் இவற்றைச் சிறப்புப் பருவம் என்று தனியாக அறிவிக்கிறீர்கள். அத்துடன், தனி வயல் இழப்பு என்பது மாநில அரசு தேர்ந்தெடுத்து அறிவிக்கையில் சேர்த்தால்தான் நடைமுறைக்கு வரும். ஆகவே என் கோரிக்கை ஒன்றே ஒன்றுதான்: அடுத்த சம்பா, தாளடிக்கான அறிவிக்கையில் நெல் மூழ்குவதைச் சந்தேகத்துக்கு இடமில்லாமல் சேருங்கள். மூழ்கிய வயலை வயல் வாரியாகக் கணக்கெடுங்கள்.

முடியாது என்று தயவுசெய்து சொல்லாதீர்கள், ஏனென்றால் ஏற்கெனவே செய்துகொண்டுதான் இருக்கிறீர்கள். வெள்ள நிவாரணத்துக்கு வி.ஏ.ஓ.வும் வேளாண் உதவி அலுவலரும் சேர்ந்து, சர்வே எண் வாரியாக, 33 சதவீதத்துக்கு மேல் சேதமா என்று பார்த்து எழுதுகிறார்கள். 2023 பிப்ரவரி மழைக்கு ஹெக்டேருக்கு 20,000 ரூபாய் அறிவித்தபோதும் இப்படி ஒரு கணக்கெடுப்பை வைத்துத்தானே கொடுத்தீர்கள். அந்த அக்காவின் வயலும் டிட்வா பட்டியலில் இருக்கிறது. அரசின் ஒரு பட்டியல் அவர் பயிர் போய்விட்டது என்கிறது. காப்பீட்டுக் கணக்கில் அந்த வயலே இல்லை. அந்தப் பட்டியலைக் காப்பீட்டுக்கும் ஏற்றுக்கொண்டால் என்ன? நெல் மகசூல் மதிப்பீட்டில் செயற்கைக்கோள் கணக்குக்கு 30 சதவீத இடம் கொடுக்க 2023-லேயே வழி செய்தாயிற்று. மேகத்தை ஊடுருவித் தண்ணீரைப் பார்க்கிற ரேடார் படங்களும் இருக்கின்றன. எங்கள் வடிகால் ஓரத்தில் எத்தனை நாள் தண்ணீர் நின்றது என்பதை எங்களைவிட உங்களால் துல்லியமாகச் சொல்ல முடியும்.

சேதத்தை 72 மணி நேரத்துக்குள் காப்பீட்டுச் செயலியில் படத்தோடு பதிவு செய்ய வேண்டும் என்கிற நிபந்தனையையும் பாருங்கள். புயல் நேரத்தில் கரண்ட் இல்லை, டவர் இல்லை, வயலுக்குப் போகிற வழியே இடுப்பளவு தண்ணீர். அந்த அக்காவிடம் பட்டன் போன்தான் இருக்கிறது. தண்ணீர் வடிந்த நாளிலிருந்து நேரத்தை எண்ணுங்கள். வேளாண் அலுவலரிடம் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கிற மனுவையும் ஏற்றுக்கொள்ளுங்கள்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், மனசு ஆறவில்லை. அறுத்து வயலில் காயப் போட்ட பயிர் 14 நாளைக்குள் மழையில் கெட்டால் தனி வயலாகப் பார்ப்பீர்கள். ஆனால் டெல்டாவில் இன்று யார் அறுத்துக் காயப் போடுகிறார்கள்? மெஷின் இறங்கி அன்றைக்கே நெல்லாகிவிடுகிறது. அந்த நெல் ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் வர வேண்டும் என்று கொள்முதல் நிலைய வாசலில் காத்துக் கிடந்து நனைகிறது. அங்கே நனைகிற நெல்லுக்குக் காப்பீடு எதுவும் இல்லை. வடிகாலைப் பற்றிக் கேட்டால் அது நீர்வளத் துறைக்காரர்கள் வேலையாம். ஆகாயத்தாமரையும் காட்டாமணக்கும் அடைத்துக்கொண்டு, கடல் ஏற்றத்தில் ஆற்றுத் தண்ணீர் உள்ளே தள்ளும்போது, வெள்ளாமை போவது எங்களுக்கு. ஒவ்வொரு துறையும் தன் எல்லைக்கல்லோடு நின்றுவிடுகிறது. வெள்ளத்துக்கு எல்லைக்கல் தெரியாது என்பதை உங்கள் அலுவலகங்களில் யாராவது ஒருவர் எழுதி வையுங்கள்.

கொஞ்சம் கடுமையாக எழுதிவிட்டேன் என்றால் பொறுத்துக்கொள்ளுங்கள். நாங்களும் எங்கள் பங்கைச் செய்யாமல் இல்லை. வெள்ளம் தாங்குகிற சி.ஆர். 1009 சப் 1 ரகத்தை எங்கள் ஊரில் பலர் போடுகிறார்கள். வளர்கிற பருவத்தில் இரண்டு வாரம் வரை அது மூழ்கிக் கிடந்து பிழைக்கும். பூக்கிற நேரத்தில் மூழ்கினால் அதுவும் தாங்காது. 1.5 சதவீதப் பிரீமியத்தை வருஷா வருஷம் கட்டுகிறோம். 2020-லிருந்து கடன் வாங்கியவர்களுக்கும் காப்பீடு கட்டாயமில்லை என்றான பிறகும் கட்டுகிறோம். மேட்டு வயல்காரர் விட்டுவிட்டாலும் விடலாம். பள்ளத்து வயல்காரரால் முடியாது.

ஆகவே அறிவிக்கை தயாராகும் முன்பு, சம்பா, தாளடி நெல் மூழ்குவதையும் வயல் வாரிக் கணக்கெடுப்பையும் அதில் சேர்க்கும்படி மிகுந்த மரியாதையோடு கேட்டுக்கொள்கிறேன். டிட்வாவில் நிவாரணப் பட்டியலில் சேர்ந்த சர்வே எண்களைத் தனியாக எடுத்து, அந்த வயல்களுக்குச் சிறப்பு இழப்பீடு தர முடியுமா என்பதையும் பரிசீலித்து, முடிவு எதுவானாலும் ஊராட்சி அலுவலகப் பலகையில் காரணத்தோடு ஒட்டச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
கடைமடைப் பள்ளத்து வயல் விவசாயி ஒருவர்